பகட்டு நுகர்வு

பகட்டு நுகர்வு என்பது, ஒருவர் தமது செல்வத்தையும் சமூகத் தகுதியையும் பிறருக்குக் காட்டும் நோக்கில் பொருட்களையும் சேவைகளையும் வாங்கிப் பயன்படுத்துவதைக் குறிக்கும். அமெரிக்கப் பொருளியலாளரும் சமூகவியலாளருமான தோர்ஸ்டைன் வெப்லென் (1857–1929), 1899 ஆம் ஆண்டில் வெளியான "ஓய்வு வகுப்பினரின் கோட்பாடு" என்னும் நூலில் இக்கருத்தை விளக்கினார்.

வெப்லெனின் விளக்கம்

செல்வம் இருந்தால் மட்டும் போதாது, அது பிறர் கண்ணுக்குப் புலப்பட்டால்தான் மதிப்புக் கிடைக்கும் என்பது வெப்லெனின் கருத்து. இதற்கு அவர் கரண்டியை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். கையால் செய்யப்பட்ட வெள்ளிக் கரண்டியின் விலை 10 முதல் 20 டாலர். இயந்திரத்தில் செய்யப்பட்ட அலுமினியக் கரண்டியின் விலை 10 முதல் 20 சென்ட். உணவை எடுக்கும் பணியை இரண்டும் ஒன்றுபோலவே செய்கின்றன. வெள்ளிக் கரண்டி அழகானது என்று கருதுவோர் உண்டு. ஆனால், அவ்வாறு கருதுவதிலும் விலைக்குப் பங்கு உள்ளது என்கிறார் வெப்லென்.

ஒவ்வொரு வகுப்பினரும் தமக்கு அடுத்து மேலே உள்ளவர்களைப் பின்பற்ற முயல்கின்றனர். மிக வறியவர்கள்கூட இப்பழக்கத்தை முற்றாகக் கைவிடுவதில்லை. ஏனெனில் இங்கே பொருளுடன் சேர்த்து மதிப்பும் வாங்கப்படுகின்றது.

வெப்லென் பொருட்கள்

பொதுவாக ஒரு பொருளின் விலை ஏறினால் அதற்கான தேவை குறையும். மாறாக, விலை உயர்ந்திருப்பதாலேயே கூடுதலாக விரும்பப்படும் பொருட்கள் வெப்லென் பொருட்கள் எனப்படுகின்றன. இவ்விளைவை ஆர்வி லைபென்ஸ்டைன் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார்.

சட்டத்தின் மூலம் கட்டுப்பாடு

கீழே உள்ளவர்களும் வாங்கத் தொடங்கினால் ஒரு பொருள் தகுதியின் அடையாளமாக நிலைக்காது. எனவே சில சமூகங்களில் இவ்வடையாளங்கள் சட்டத்தினாலும் காக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1363 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, எந்தப் படிநிலையினர் எவ்வகைத் துணியை உடுத்தலாம் என வரையறுத்தது.

திருவிதாங்கூரில் நாடார் பெண்கள், உயர்சாதிப் பெண்களைப்போல் மேலாடை அணிவது தடுக்கப்பட்டிருந்தது. தோள் சீலைப் போராட்டத்தைத் தொடர்ந்து 1859 ஆம் ஆண்டில் மேலாடை அணியும் உரிமை வழங்கப்பட்டது. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்ற கட்டுப்பாடு அவ்வாணையிலும் இருந்தது. துணியைவிட அது காட்டிய வேறுபாடே காக்கப்பட்டது என்பதை இது புலப்படுத்துகின்றது.

பூர்தியோவின் கருத்து

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியோ (1930–2002), பணத்துடன் இரசனையும் வகுப்பைக் காட்டுகின்றது என 1979 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் வாதிட்டார். எந்த இசையை விரும்புவது, எவ்வாறு உண்பது போன்றவை குடும்பச் சூழலாலும் கல்வியாலும் உருவாகின்றன. ஆனால் அவை இயல்பான திறமைகள் எனக் கருதப்படுவதால், அவற்றைப் பெறும் வாய்ப்பு இல்லாதவர்கள் தகுதி குறைந்தவர்களாக மதிப்பிடப்படுகின்றனர்.