ஸ்போர்ட்ஸ் பைக் இன்ஷூரன்ஸ்... எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எந்த ஊர் பைக் ஷோரூமுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன மகன், 400 சி.சி பைக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறான். நிறம்கூட முடிவாகிவிட்டது. அப்பா மட்டும் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வரியில் நின்றுவிடுகிறார்.

``ஏன் தம்பி, இன்ஷூரன்ஸுக்கு மட்டும் இருபத்தஞ்சாயிரமா? என் ஸ்கூட்டருக்கு வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தானே கட்டுறேன்?''

``பெர்ஃபாமன்ஸ் பைக்னா அப்படித்தான் சார் வரும்'' என்கிறார் விற்பனையாளர். அதற்கு மேல் கேட்க அப்பாவுக்குத் தெரியவில்லை. மகனுக்குக் கேட்கப் பொறுமையில்லை. கையெழுத்து விழுகிறது.

உண்மையில், அந்த ஒரு வரிக்குள் நான்கைந்து தொகைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் ஒரு ரூபாய்கூட குறைக்க முடியாது. சிலவற்றில் தாராளமாகக் குறைக்கலாம். சிலவற்றில் குறைத்தால், விபத்தோ திருட்டோ நடக்கும் நாளில் மொத்தக் குடும்பமும் வருத்தப்பட நேரும். எது எது என்று தெரிந்துகொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பேரம் பேச முடியாத பகுதி

கொட்டேஷனில் பெரிய தொகை, `தேர்டு பார்ட்டி' எனப்படும் மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கான இழப்பீடு இது. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். இது இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இதற்கான கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி, 75 முதல் 150 சி.சி வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 150-க்கு மேல் 350 சி.சி வரை 1,366 ரூபாய். 350 சி.சி-யைத் தாண்டினால் 2,804 ரூபாய். இதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி தனி.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த அட்டவணைக்கு வண்டியின் வேகம் தெரியாது. சி.சி மட்டும்தான் தெரியும். 155 சி.சி யமஹா ஆர்15, ஓசூர் நிறுவனமான டி.வி.எஸ்ஸின் அப்பாச்சி ஆர்.ஆர் 310, நிதானமாகப் போகும் 349 சி.சி புல்லட் மூன்றுக்கும் ஒரே கட்டணம்தான். ஆனால், 390 டியூக், ஸ்பீட் 400 போன்றவை 350-ஐத் தாண்டிவிடுவதால் இரு மடங்குக்கும் மேல் கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி விலையிலேயே 350 சி.சி வரை 18 சதவிகிதம், அதற்கு மேல் 40 சதவிகிதம் என ஜி.எஸ்.டி பிரிந்துவிட்டது. எனவே, இன்னும் எந்த பைக் என்று முடிவு செய்யாதவர்களுக்கு, பணத்தை மிச்சப்படுத்தும் முதல் வாய்ப்பு அந்த 350 என்கிற கோட்டில்தான் இருக்கிறது.

புதிய வண்டிக்கு இந்தக் காப்பீட்டை ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தமாக எடுக்க வேண்டும். 350 சி.சி-க்கு மேல் என்றால் 15,117 ரூபாய். 150 முதல் 350 வரை 7,365 ரூபாய். இந்த ஐந்தாண்டு விதிக்குப் பின்னால் இருப்பவர் ஒரு கோவைக்காரர். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைசிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகள் தொடர்பாகத் தொடர்ந்த பொதுநல வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2018-ல் இந்த உத்தரவைப் பிறப்பித்தது. முதல் ஆண்டு முடிந்ததும் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும் வண்டிகளால், அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்காமல் போவதைத் தடுப்பதுதான் நோக்கம்.

இந்தக் கட்டணம் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான். `எங்களிடம் தேர்டு பார்ட்டி மட்டும் பாதி விலை' என்று யாராவது சொன்னால், அது போலி பாலிசியாக இருக்கலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் பாலிசி எண்ணைப் போட்டுச் சரிபார்ப்பது நல்லது.

பேரம் பேசக்கூடிய பகுதி

அடுத்தது `ஓன் டேமேஜ்'. நம் வண்டிக்கு ஏற்படும் சேதம், திருட்டு ஆகியவற்றுக்கானது. புதிய வண்டியில் இது ஓராண்டுக்கு மட்டும் இருந்தால் போதும். 2007-ல் கட்டணக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட பிறகு, இதில் எவ்வளவு தள்ளுபடி தருவது என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். அதனால்தான் ஒரே வண்டிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு தொகையைச் சொல்கிறது.

`பாலிசியை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும்' என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. வாடிக்கையாளரைக் குறிப்பிட்ட நிறுவனத்தின் பாலிசியைத்தான் எடுக்க வேண்டுமென டீலர்கள் வற்புறுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. கொட்டேஷனை வாங்கிக்கொண்டு, வெளியே மூன்று நான்கு நிறுவனங்களில் விலை கேட்டுவிட்டு வரலாம். பல நேரங்களில் ஷோரூமே இறங்கி வரும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டாம் ஆண்டிலிருந்து, தேர்டு பார்ட்டி பழைய நிறுவனத்திலேயே இருக்க, ஓன் டேமேஜை மட்டும் வேறு நிறுவனத்தில் எடுக்கலாம். 2019 செப்டம்பர் முதல் இந்த வசதி இருக்கிறது.

விலைகளை ஒப்பிடும்போது வண்டியின் மதிப்பும் ஆட்-ஆன்களும் எல்லா கொட்டேஷனிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குறைவாகத் தெரிவது உண்மையில் குறைவாக இருக்காது.

ஐ.டி.வி என்கிற பொறி

பிரீமியத்தைக் குறைத்துக்காட்டச் சுலபமான வழி, வண்டியின் மதிப்பைக் குறைத்துப்போடுவது. இந்த மதிப்பைத்தான் ஐ.டி.வி என்கிறார்கள். வண்டி திருடுபோனாலோ, சரிசெய்ய முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ அதிகபட்சமாகக் கிடைக்கும் தொகை இதுதான்.

2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பைக்குக்கு 1,60,000 என்று போட்டால், ஆண்டுக்கு மிச்சமாவது ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. தள்ளுபடிகள் போக, அது சில நூறு ரூபாயாகவே சுருங்கலாம். ஆனால், வண்டி காணாமல்போனால் இழப்பு 40,000 ரூபாய். கடனில் வாங்கிய பைக்காக இருந்தால் இன்னும் சிக்கல். வண்டியும் இருக்காது, கிடைக்கும் பணம் கடனை அடைக்கவும் போதாது. இல்லாத பைக்குக்கு மாதாமாதம் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

அதற்காக மதிப்பைக் கூட்டிப்போடுவதிலும் பயனில்லை. ஓராண்டைத் தாண்டி இரண்டாண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு விலையில் 20 சதவிகிதமும், மூன்றாண்டுக்குள் 30 சதவிகிதமும் தேய்மானமாகக் கழிப்பது வழக்கம். அதையொட்டிய மதிப்பே சரியானது.

கிளெய்ம் கேட்காததற்குப் பரிசு

பிரீமியத்தைக் குறைக்க நேர்மையான, பெரிய வழி `நோ கிளெய்ம் போனஸ்'. ஓராண்டு கிளெய்ம் இல்லையென்றால் ஓன் டேமேஜ் கட்டணத்தில் 20 சதவிகிதம் குறையும். பிறகு 25, 35, 45 என ஏறி, ஐந்தாண்டு கிளெய்ம் இல்லாவிட்டால் 50 சதவிகிதத்தைத் தொடும்.

ஒரே ஒரு கிளெய்ம் போதும், இந்த ஏணியின் அடிக்கு வந்துவிடலாம். ஓன் டேமேஜ் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவிகிதப் போனஸில் இருப்பவர் 2,000 கட்டுகிறார். கிளெய்ம் செய்தால், அடுத்த ஐந்தாண்டுகளில் 4,000, 3,200, 3,000, 2,600, 2,200 என மொத்தம் 15,000 கட்ட வேண்டும். செய்யாமல் இருந்திருந்தால் 10,000தான். ஆக, கண்ணாடியும் இண்டிகேட்டரும் உடைந்த 3,000 ரூபாய் செலவுக்காக கிளெய்ம் கேட்பவர், 5,000 ரூபாயை இழக்கிறார். வண்டியின் மதிப்பு குறையக் குறைய இந்தக் கணக்கும் சற்றுக் குறையும் என்றாலும், சின்னச் செலவுகளைக் கையிலிருந்து செய்துவிடுவதே பெரும்பாலும் லாபம்.

இந்தப் போனஸ் வண்டிக்கானது அல்ல, உரிமையாளருக்கானது. பழைய பைக்கை விற்றுவிட்டுப் புது பைக் வாங்குபவர், நிறுவனத்திடம் கடிதம் வாங்கி அதைப் புது பைக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் ஆண்டிலேயே பாதித் தொகை குறையக்கூடிய இந்த வாய்ப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே காரணத்தால், செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு முந்தைய உரிமையாளரின் போனஸ் வராது. பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சேர்த்துவைத்த போனஸ் போய்விடும். மறைத்துப் பொய் சொன்னால் கிளெய்ம் நேரத்தில் மாட்டிக்கொள்வது நிச்சயம்.

எந்த ஆட்-ஆன் தேவை?

கிளெய்ம் செய்யும்போது பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். சாதாரண பைக்கில் இது பெரிய தொகையாக இருக்காது. முன்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக் கவசம் போர்த்திய ஸ்போர்ட்ஸ் பைக்கில் அப்படியில்லை. ஒருமுறை சரிந்தாலே முதலில் உடைவது அந்தக் கவசம்தான். எனவே, `பம்பர் டு பம்பர்' எனப்படும் தேய்மானமில்லா ஆட்-ஆன் இவர்களுக்கு வீண் செலவல்ல. புது பைக் கடனில் இருந்தால், திருட்டின்போது வாங்கிய விலையையே தரும் `ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' ஆட்-ஆனையும் யோசிக்கலாம். மற்றவற்றை அவரவர் தேவை பார்த்துத் தவிர்க்கலாம்.

சைலன்ஸரை மாற்றுவது, இன்ஜினில் கைவைப்பது போன்றவற்றை நிறுவனத்திடம் சொல்லாமல் செய்தால் கிளெய்ம் சிக்கலாகும். ரேஸில் ஓட்டும்போது ஏற்படும் சேதத்துக்கும் வழக்கமான பாலிசியில் பணம் கிடைக்காது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலோ ஓட்ட ஆசைப்படுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

யார் பெயரில் வண்டி?

கொட்டேஷனில் இன்னொரு சிறிய தொகை, உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. ஏற்கெனவே அதே அளவுக்கு விபத்துக் காப்பீடு வைத்திருப்பவர் அதைக் காட்டி இந்தத் தொகையைத் தவிர்க்கலாம். பலரும் தெரியாமல் இரண்டு முறை கட்டுகிறார்கள்.

ஆனால், கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. இது பாலிசியில் பெயருள்ள, லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கானது. பைக் அப்பா பெயரில் இருந்து தினமும் மகன் ஓட்டினால், மகனுக்கு ஒன்று நேரும்போது இந்தப் 15 லட்சத்தை நம்பியிருக்க முடியாது. ஓட்டுபவர் பெயரில் வண்டி இருப்பதே நல்லது. முடியாவிட்டால், ஓட்டுபவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும்.

பின்னால் உட்காருபவரையும் மறக்கக் கூடாது. செலவைக் குறைக்க, சில ஆண்டுகளில் தேர்டு பார்ட்டி மட்டும் போதும் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. சட்டத்துக்கு அது போதும். ஆனால், சட்டப்படியான அந்தக் குறைந்தபட்ச பாலிசியில் பின்னிருக்கைப் பயணிக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்திருக்கிறது. முழுமையான பாலிசி இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. நண்பனையோ தங்கையையோ பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவர், சில ஆயிரங்களுக்காக இதை விட்டுவிட்டால், இழப்பீடு குடும்பத்தின் தலையில் விழும்.

நியாயமான கிளெய்மை நிறுவனம் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் புகார் செய்யலாம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். வக்கீல் தேவையில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஷோரூமுக்குப் போகும் அப்பா, விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை நான்குதான். `தேர்டு பார்ட்டி எவ்வளவு, ஓன் டேமேஜ் எவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள். ஐ.டி.வி எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? எந்தெந்த ஆட்-ஆன் சேர்த்திருக்கிறீர்கள்? பழைய வண்டியின் போனஸைக் கழித்தீர்களா?'

ஐந்தாவது கேள்வி மகனிடம். ``பைக்கை உன் பேர்லயே எடுத்துக்கலாம்ப்பா. லைசென்ஸ் எடுத்துட்டியா?''