36-ல 30 தடவை ஜெயிச்சும் தோத்தது எப்படி? கிராப்ஸ் கைடு வாங்குறதுக்கு முன்னாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு போன் கால். வேலை விஷயமா அமெரிக்காவில் இருக்கும் என் நண்பன் ஒருத்தன் போன வருஷம் லாஸ் வேகாஸ் போயிருந்தான். போறதுக்கு முன்னாடி கிராப்ஸ் ஆட்டத்துக்கு ஒரு ஸ்டிராட்டஜி கைடு வாங்கிப் படிச்சிருக்கான். ஒரே ராத்திரியில் 800 டாலர் காலி. இப்போ மறுபடியும் போறான். 49 டாலருக்கு வேற ஒரு கைடைப் பார்த்து வச்சுட்டு, "இதை வாங்கலாமாடா?"ன்னு கேட்டான். கூடவே இன்னொரு கேள்வி: "36-ல 30 தடவை ஜெயிக்கிற சிஸ்டம்டா அது. அதுல எப்படிடா தோத்தேன்?"

ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்சா, முதல் கேள்விக்குப் பதில் தானா வந்துடும்.

ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு விலை

கிராப்ஸ்ல ரெண்டு பகடை. மொத்தம் 36 விதமா விழலாம். அதில் 7 மட்டும் 6 விதமா வரும். வேற எந்த எண்ணுக்கும் அத்தனை வழி கிடையாது. 2-க்கும் 12-க்கும் ஒவ்வொரு வழிதான்.

அடிப்படை பெட், பாஸ் லைன். முதல் உருட்டலில் 7 அல்லது 11 விழுந்தா ஜெயிப்பு. 2, 3, 12 விழுந்தா தோல்வி. வேற எண் விழுந்தா அதுக்குப் பேர் பாயின்ட். 7 வர்றதுக்கு முன்னாடி அதே எண் மறுபடி விழணும். கணக்குப் போட்டா, சராசரியா 495 ஆட்டத்தில் 244 ஜெயிப்பு, 251 தோல்வி. அந்த 7 ஆட்ட வித்தியாசம்தான் கேசினோவோட வருமானம். அதாவது 1.41 சதவீதம். நீங்க 10 டாலர் வச்சா சராசரியா 14 சென்ட் அவங்களுக்கு. இதை ஹவுஸ் எட்ஜ்னு சொல்றாங்க. நான் சிம்பிளா விலைன்னு சொல்றேன்.

அதே டேபிள்ல 'எனி செவன்'னு ஒரு பெட் இருக்கு. அடுத்த உருட்டலில் 7 விழணும். விழுந்தா ஒண்ணுக்கு நாலு தருவாங்க. நியாயமா அஞ்சு தரணும். அதனால விலை 16.67 சதவீதம். ஒரே டேபிள், ஒரே பகடை, ஆனா கிட்டத்தட்ட 12 மடங்கு விலை.

30 ஜெயிப்பு, 6 தோல்வி, கடைசியில் நஷ்டம்

நண்பன் ஆடின சிஸ்டத்துக்குப் பேர் அயர்ன் கிராஸ். ஃபீல்ட் பெட்டில் 5 டாலர். அது 2, 3, 4, 9, 10, 11, 12-க்கு ஜெயிக்கும். அப்புறம் 5 மேல 5 டாலர், 6 மேலயும் 8 மேலயும் தலா 6 டாலர். மொத்தம் 22 டாலர். 7 தவிர எது விழுந்தாலும் காசு வரும். கைடு சொன்னது பொய்யே இல்லை.

இப்போ 36 விதமும் ஒவ்வொரு தடவை விழுதுன்னு வச்சுக்கலாம். 5, 6, 8 சேர்ந்து 14 தடவை. ஒவ்வொரு தடவையும் 7 டாலர் வரும், ஆனா ஃபீல்ட் பெட்டோட 5 டாலர் போகும். மிச்சம் 2 டாலர்தான், ஆக 28. அடுத்து 3, 4, 9, 10, 11 சேர்ந்து 14 தடவை, 5 டாலர் வீதம் 70. 2-க்கும் 12-க்கும் ரெண்டு மடங்கு, அது 20. மொத்த வரவு 118 டாலர்.

7 விழுற ஆறு தடவையும் மொத்த 22 டாலரும் போகும். அது 132. நிகர நஷ்டம் 14 டாலர். 12-க்கு மூணு மடங்கு தர்ற டேபிளா இருந்தாலும் 9 டாலர் நஷ்டம்.

சின்னச் சின்னதா நிறைய தடவை ஜெயிப்பீங்க, மொத்தமா சில தடவை தோப்பீங்க. கைடு ஜெயிக்கிற தடவையை மட்டும் எண்ணிக் காட்டுச்சு. எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு சொல்லவே இல்லை.

புது கைடு என்ன சொல்லுது?

49 டாலர் கைடோட இலவசப் பக்கங்களை அனுப்பினான். தோத்தா அடுத்த பெட்டை ரெட்டிப்பாக்கு, ஒரு ஜெயிப்பில் எல்லாம் திரும்பி வந்துடும். இது மார்ட்டிங்கேல்ங்கற பழைய சரக்கு.

அவன் கையில் 500 டாலர். 10, 20, 40, 80, 160. வரிசையா அஞ்சு தோல்வின்னா 310 போயிடும். அடுத்து 320 வைக்கணும், கையில் இருக்கிறது 190. அஞ்சு தடவை தொடர்ந்து தோக்கிறது பாஸ் லைன்ல கிட்டத்தட்ட 30-ல ஒரு வாய்ப்பு. அதுவரைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிறது வெறும் 10 டாலர்.

"ரொம்ப நேரமா 7 வரலை, இப்போ வரும்"னு சொல்ற கைடும் இருக்கு. தாயம் ஆடினவங்களுக்கு இது தெரியும்: நம்ம அவசரத்துக்குத் தாயம் விழாது. எட்வர்ட் தார்ப் 1962-ல 'பீட் த டீலர்' எழுதினப்போ பிளாக்ஜாக்குக்கு அது நிஜமாவே உதவிச்சு. ஏன்னா வெளியே வந்த சீட்டு கட்டில் இருக்காது. மிச்சம் என்னன்னு எண்ணலாம். பகடையில் அப்படி எதுவும் குறையாது. ஒவ்வொரு உருட்டலும் புதுசு.

"இப்படிப் பிடிச்சு வீசினா 7 வராது"ங்கறது இன்னொரு வகை. சகுனி கைக்கு அது சரி. கேசினோவில் பகடை எதிர்ச் சுவரில் போய் மோதணும், அந்தச் சுவர் முழுக்க ரப்பர் முனைகள். 2009 மே மாசம் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு பெண் ஆட்டம் இழக்காம 154 தடவை பகடை உருட்டினாங்க, 4 மணி நேரத்துக்கும் மேல. அவங்க கிராப்ஸுக்கே புதுசு.

அப்போ எந்த கைடும் வேண்டாமா?

அப்படி இல்லைங்க. விதிமுறை, டேபிள் பழக்கம் (பணத்தை டீலர் கையில் தரக்கூடாது, டேபிள்ல வைக்கணும்; பகடையை ஒரு கையாலதான் எடுக்கணும்), ஒவ்வொரு பெட்டோட விலை, இதையெல்லாம் சொல்ற கைடு படிக்கலாம். முக்கியமா ஆட்ஸ் பெட்டை விளக்கணும். பாயின்ட் விழுந்த பிறகு பாஸ் லைனுக்குப் பின்னாடி வைக்கிற பெட் அது. அதுக்கு மட்டும் ஹவுஸ் எட்ஜ் பூஜ்யம். ஆனா பாஸ் லைனோட விலை அப்படியேதான் இருக்கும், போடற காசும் கூடும். இதையும் சேர்த்துச் சொன்னா அது நேர்மையான கைடு. நல்ல கைடு விலை குறைஞ்ச பெட்டைக் காட்டும். ஜெயிக்க வைக்கிறேன்னு சொல்லாது.

நண்பனுக்கு நான் சொன்னது இதுதான். அந்த 49 டாலர், 10 டாலர் பாஸ் லைன் பெட் கிட்டத்தட்ட 350 தடவை வச்சா ஆகுற சராசரி நஷ்டம். அதை கைடுக்குத் தராதே. இன்னொண்ணு, போன 800-ஐ எடுக்கத்தான் போறேன்னா, போகவே போகாதே. ஒரு ராத்திரி ஜாலிக்கு, திரும்பி வரலைன்னாலும் பரவாயில்லைங்கற காசோட போறதுன்னா போ.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எடுக்கத்தான்டா போறதா இருந்தேன்"னான்.

டிக்கெட்டை இன்னும் போடலையாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.