பெல்லுக்குப் பின்னால் ஓர் இரும்புக்கட்டி

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில் ஒரு காலத்தில் வாசனை சோப்பும் டார்ச் லைட்டும் இருந்தன. இப்போது வீடியோ காலிங் பெல் இருக்கிறது. செஞ்சி, தேசூர், வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் வாசலை டல்லாஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசைதான் காரணம். அதே பக்கத்துச் சீயமங்கலத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த அவனிபாஜன பல்லவேஸ்வரம் கோயிலில் துவாரபாலகர்கள் 7ஆம் நூற்றாண்டிலிருந்து சம்பளமில்லாமல் நிற்கிறார்கள். இந்தப் புதுக் காவலாளிக்கு அப்படி முடியாது. பெரும்பாலான மாடல்கள் 16 முதல் 24 வோல்ட் வரை ஏசி மின்சாரம் கேட்கின்றன. நம் சுவரில் இருப்பதோ 230.

வாசலில் நிற்பவரை உள்ளிருந்தே பார்க்கும் யோசனை புதிதல்ல. நியூயார்க்கில் நர்ஸாக இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் 1966இல் கேமராவும் டிவியும் சேர்ந்த ஒரு வீட்டுக் காவல் அமைப்புக்குக் காப்புரிமை கேட்டார், 1969இல் கிடைத்தது. கேமராவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். 230ஐக் குறைத்து அதற்குச் சோறு போடும் ட்ரான்ஸ்ஃபார்மரைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

பெல்லோடு சேர்த்து அங்கேயே ட்ரான்ஸ்ஃபார்மரும் வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. இங்கே மாட்டினால் வோல்டேஜ் ஏறக்குறைய இருமடங்கு, ஹெர்ட்ஸும் 50 ஆகக் குறைவு. இரண்டும் சேர்ந்து, உள்ளிருக்கும் இரும்புத் தகடுகள் தாங்க வேண்டிய காந்தப்புலத்தை 2.3 மடங்காக்குகின்றன. இரும்பு அவ்வளவு தாங்காது. அது நிறைந்துபோனதும் காயிலில் மின்னோட்டம் தாறுமாறாக ஏறும். வார்னிஷ் கருகும் வாசனை வரும். இதைத் தவிர்க்க 230ஐ 110 ஆக்கும் ‘ஸ்டெப் டவுன்’ பெட்டியை நடுவில் வைப்பவர்கள் உண்டு. அவற்றில் பல, ஒரே காயிலின் நடுவிலிருந்து வயர் எடுப்பவை. உள்ளே வரும் மின்சாரமும் வெளியே போகும் மின்சாரமும் ஒரு வயரைப் பகிர்ந்துகொள்ளும். இரண்டு காயில்களுக்கிடையே காந்தப்புலம் தவிர வேறு தொடர்பே இல்லை என்பதுதான் நல்ல பெல் ட்ரான்ஸ்ஃபார்மரின் பெருமை. 1831இல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுற்றுகளைச் சுற்றிக் காட்டியதும் அதையேதான்.

இனி, இந்தப் பெல்லின் உண்மையான விசித்திரம்.

அமெரிக்க வீடுகளில் ட்ரான்ஸ்ஃபார்மர், ஹாலில் இருக்கும் மணி, வாசல் ஸ்விட்ச் மூன்றும் ஒரே வளையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பழைய ஸ்விட்ச் அழுத்தும்வரை சும்மா கிடக்கும்; வளையத்தில் மின்சாரமே ஓடாது. அந்த இடத்தில் கேமராவை வைத்தால் அதற்கு இருபத்துநாலு மணி நேரமும் மின்சாரம் வேண்டும். எங்கிருந்து வரும்? மணியின் காயில் வழியாகத்தான். கேமரா அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது. மணியின் சுத்தியை அசைக்க அது போதாது என்பதால் வீட்டில் சத்தமில்லை. யாராவது பட்டனை அழுத்தியதும் கேமரா தன் இரண்டு வயர்களையும் தானே ஷார்ட் செய்துகொள்கிறது. முழு வோல்டேஜும் மணிக்குப் போய் ‘டிங்’ என்கிறது. அந்த நொடியில் கேமராவுக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பூஜ்யம்! கிணற்றில் மூழ்கிய பையன் போல, உள்ளே சேர்த்துவைத்த மூச்சில், அதாவது சிறு பேட்டரியிலோ கப்பாசிட்டரிலோ, அது தாக்குப்பிடிக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் சின்னதாக இருந்தால் சேமிப்பே நிறையாது. ஆள் வந்து பட்டனை அழுத்துகிற அந்த நேரம் பார்த்து கேமரா அணைந்து மறுபடி எழும். படம் எதற்காகவோ, அப்போதுதான் படம் இருக்காது. குறை பெல்லில் என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

நம் வீடுகளில் இந்த வளையமே கிடையாது. நமது ‘டிங் டாங்’ நேராக 230 வோல்ட்டில் ஓடுவது. அந்தப் பழைய வயரில் வீடியோ பெல்லை மாட்டினால் ஒரே நொடியில் கதை முடியும். அந்த மணியை 16 வோல்ட்டில் அடிக்க வைக்கவும் முடியாது. இதில் ஒரு வருத்தமும் உண்டு. மழையில் நனையும் கேட் தூணில், விரிசல் விட்ட பிளாஸ்டிக் ஸ்விட்ச்சுக்குள், ஃபேஸ் வயரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அதை விருந்தினர் தொட வேண்டிய பொருளாக ஆக்கியிருக்கிறோம். ஈரக்கையோடு அழுத்திச் சுர்ரென்று வாங்கியவர்கள் எந்தத் தெருவிலும் கிடைப்பார்கள். ‘காலிங் பெல்தானே’ என்கிற அலட்சியத்துக்கு வயர்மேன், வீட்டுக்காரர் இருவருமே பொறுப்பு. வீடியோ பெல் வேண்டாம் என்பவர்கள்கூட கேட் வரை குறைந்த வோல்டேஜைக் கொண்டுபோவது நல்லது.

ஆகவே இங்கே எளிய வழி, ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராகப் பெல்லுக்கு இரண்டு வயர். சத்தத்துக்கு ப்ளக்கில் செருகும் வயர்லெஸ் மணி. இடையில் மணி இல்லாதபோது சில மாடல்கள் அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டர் கேட்கும். கையேட்டைப் பார்க்காமல் இணைக்கக் கூடாது. ட்ரான்ஸ்ஃபார்மரில் பார்க்க வேண்டியவை: 230 வோல்ட் உள்ளீடு, ஏசி வெளியீடு, ஷார்ட் ஆனாலும் எரியாத வகை. பெல்களுக்கான ட்ரான்ஸ்ஃபார்மர்களுக்கென்றே ஐஇசி 61558-2-8 என்று ஒரு தரநிலை இருக்கிறது. திறன் 30 வி.ஏ. இருந்தால் நிம்மதி.

வோல்டேஜைத்தான் யோசித்து எடுக்க வேண்டும். பம்புசெட்டுகள் ஓடும்போது 180க்கு இறங்கி, நள்ளிரவில் 250க்கு ஏறும் லைனில் 24 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் 26 வோல்ட் கொடுக்கும். பெல்லின் வரம்பைத் தாண்டிவிடும். 16 வோல்ட் வாங்கினால் பம்புசெட் நேரத்தில் 12.5. இந்த ஊர்களுக்கு 18தான் நடுவழி. அதுவும் 180இல் 14ஆக இறங்கும் என்பதால், வோல்டேஜ் அடிக்கடி அவ்வளவு குறையும் வீட்டில் ஸ்டெபிலைசர் இல்லாமல் முடியாது.

ட்ரான்ஸ்ஃபார்மரை எம்.சி.பி. பெட்டிக்குள், அதற்கென்று ஒரு 6 ஆம்பியர் எம்.சி.பி.யின் கீழ் வைக்க வேண்டும். பரணில் டேப் சுற்றித் தொங்கவிடக் கூடாது. பெல்லுக்குப் போகும் வயரை 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் விடவும் கூடாது. வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் உடனே தெரியும். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள டெலிபோன் வயரில் 30 மீட்டர் தள்ளியிருக்கும் கேட்டுக்குப் போய் வர, 5 ஓமுக்கு மேல் தடை. அரை ஆம்பியர் ஓடினாலே 2.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். பகலில் ஒழுங்காக ஓடும் பெல், இருட்டில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கியதும் சாகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்த இழப்பு அரை வோல்ட்தான். மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் முனையில் அல்லாமல் பெல்லின் முனையில், இருட்டிய பிறகு பார்க்க வேண்டும்.

கரண்ட் போனால் ட்ரான்ஸ்ஃபார்மரும் போகும். அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கலாம். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் நல்லது, ஸ்கொயர் வேவ் என்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் ரீங்கரிக்கும், சூடாகும். வைஃபை பெட்டியையும் அதே லைனில் சேர்த்துவிட வேண்டும். இல்லையேல் பெல் உயிரோடிருக்கும், டல்லாஸுக்குத் தகவல் போகாது.