உங்களுக்குத் தெரியுமா? – பழைய கார், பழைய ரேடியோ, புதுப் பாட்டு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய அம்பாசடரையும் பத்மினியையும் விற்க மனம் வராமல் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் வெளியே வரும். டேஷ்போர்டில் இரண்டு குமிழும் நடுவில் ஒரு கண்ணாடியுமாக ரேடியோ இருக்கும், பாடத்தான் பாடாது. கடைக்குக் கொண்டுபோனால், "இதைக் கழத்திப் போட்டுட்டு டச் ஸ்கிரீன் மாட்டிருவோம் அண்ணாச்சி" என்பார்கள். மாட்டலாம்தான். அப்புறம் அது அந்தக் காலத்து வண்டியாகத் தெரியாது. முகத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் சரிசெய்துகொள்ள வழி தேடுகிறவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள்.

● அம்பாசடர் 1957 முதல் 2014 வரை வந்தது. இத்தனை நீண்ட காலத்தில் பெரும்பாலான வண்டிகள் ரேடியோ இல்லாமல்தான் ஆலையை விட்டு வெளியே வந்தன. வாங்கியவர் தன் வசதிக்கு ஏற்ப ஒரு செட்டை வாங்கிக் கடையில் மாட்டிக்கொண்டார். ஆகவே நம் ஊரில் 'ஒரிஜினல் ரேடியோ' என்றால் முதல் சொந்தக்காரர் தேர்ந்தெடுத்த ரேடியோ என்று பொருள். பக்கத்து வீட்டு வண்டியில் வேறு செட் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

● ரேடியோவை ஓரிடத்தில் ஒளித்துவைத்து, முகப்பை மட்டும் கண்ணில் படும்படி வைப்பது இன்றைய தந்திரம் இல்லை. 1932-ல் ஜெர்மனியின் பிளாபங்க்ட் கொண்டுவந்த ஏ.எஸ்.5, ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோ. டேஷ்போர்டில் அடங்காத அளவுக்குப் பெரிய பெட்டி அது. பெட்டியை வேறு இடத்தில் வைத்துவிட்டு, ஸ்டீயரிங் தண்டில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டி அங்கிருந்தே ஸ்டேஷனைத் திருப்பினார்கள். இப்போது புது செட்டைக் கிளவ் பாக்ஸுக்குள் வைத்துப் பழைய முகப்பை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் 1932-க்குத்தான் திரும்பிப் போகிறார்கள்.

● அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கார் ரேடியோவின் பெயர் மோட்டரோலா. பின்னாளில் கம்பெனிக்கே அந்தப் பெயர் ஆனது. கடன் கேட்கப்போன இடத்தில் வங்கிக்காரரின் பேக்கார்டு காரில் ஒரு செட்டை மாட்டிக் கொடுத்தார்களாம். அரை மணி நேரத்தில் வண்டி தீப்பிடித்ததாம். கடன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

● பழைய வால்வு ரேடியோவுக்குச் சுமார் இருநூறு வோல்ட் வேண்டும். கார் பாட்டரியில் இருப்பதோ 6 அல்லது 12. நடுவில் 'வைப்ரேட்டர்' என்ற சிறு குப்பி உட்கார்ந்து, மின்சாரத்தை நொடிக்கு நூறு முறைக்கு மேல் வெட்டி வெட்டி டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கும். பாட்டு தொடங்கும் முன்பே கேட்கும் அந்த 'ம்ம்ம்' சத்தம் அதனுடையதுதான். முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன முதல் கார் ரேடியோவை பில்கோ நிறுவனம் 1955-ல் கிரைஸ்லருக்காகச் செய்தது. அதை ஒட்டிய சில ஆண்டுகளில் 12 வோல்ட்டிலேயே ஓடும் வால்வுகளும் கடைசியில் ஒரே ஒரு டிரான்சிஸ்டருமாக ஒரு கலப்பினமும் வந்துபோனது.

● 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டுத் தொழிலில் இறங்கிய கோவை ஜி.டி. நாயுடு, 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். வண்டியும் வானொலியும் ஒரே ஆளின் கையில் இருந்த கதை நம் பக்கத்திலும் உண்டு.

● பாக்கெட் கணக்கு ஒன்று. திருச்சி வானொலி 936, திருநெல்வேலி 1197, மதுரை 1269. ஒவ்வொன்றின் இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள். மூன்றிலும் 18 வரும். தூத்துக்குடி 1053-ஐக் கூட்டினால் 9. சென்னை 720-க்கும் 9. ஜோசியம் இல்லை. 1975-ல் ஜெனீவாவில் போட்ட ஒப்பந்தம், 1978 நவம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா முழுவதும் மீடியம் வேவ் ஸ்டேஷன்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்க வேண்டும். எண்கள் 9-ன் மடங்காகவே இருக்க வேண்டும்; அப்படிப்பட்ட எண்ணின் இலக்கங்களைக் கூட்டினாலும் 9-ன் மடங்கே வரும். அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் இடைவெளி 10.

இதில் நமக்கு என்ன வந்தது? பழைய முகம், புது உள்ளுறுப்பு என்று செய்து விற்கும் செட்டுகளில் பல அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தவை. குமிழைத் திருப்பினால் 1190, 1200 என்று பத்துப் பத்தாகத்தான் தாவும். சென்னை 720 அதில் அழகாக விழும். திருநெல்வேலி 1197 விழாது. 1200-ல் வைத்தால் கரகரப்போடு ஏதோ கேட்கும். வாங்குமுன் 9 / 10 மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முள் நகரும் பழைய டயலுக்கு இந்தத் தொல்லையே இல்லை; அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும். நாடெங்கும் மீடியம் வேவ் ஒலிபரப்பு குறைந்துகொண்டே வருவது வேறு வருத்தம்.

● வீட்டு ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கச் சுழலும் கண்டென்சர் இருக்கும். கார் ரேடியோவில் பெரும்பாலும் அது கிடையாது. சுருளுக்குள் பெரைட் தண்டுகள் உள்ளே போய் வெளியே வரும். காரணம் எளிது. நம் ரோட்டுக் குலுக்கலில் கண்டென்சர் தகடு அதிர்ந்தால் ஸ்டேஷன் ஓடிவிடும்.

● டயலுக்குக் கீழே ஐந்து பட்டன்கள் இருந்தால் அவை அலங்காரம் அல்ல. பிடித்த ஸ்டேஷனைக் குமிழால் வையுங்கள். ஒரு பட்டனை வெளியே இழுத்து, முழுதாக உள்ளே அமுக்குங்கள். அடுத்த முறை அமுக்கியதும் முள் தானே அங்கே ஓடும். பாட்டரியைக் கழற்றினாலும் மறக்காது, ஏனென்றால் அந்த நினைவு முழுவதும் இரும்புத் தகட்டில் இருக்கிறது. இன்றைய செட்டுகளுக்கு இந்தப் புத்தி இல்லை என்பேன்.

● போன் பாட்டு அந்தப் பழைய ஸ்பீக்கரில் வர என்ன செய்ய வேண்டும்? செட் ஓரளவு உயிரோடு இருந்தால் எளிய வழி, வால்யூம் கண்ட்ரோல் இருக்கும் இடத்தில் நுழைவது. வானொலி அலையிலிருந்து பாட்டைப் பிரித்தெடுக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். பெருக்கும் வேலை அதற்குப் பின்தான் தொடங்கும். நடுவில் வயரைப் பிரித்து, ஒரு சிறு புளூடூத் போர்டின் சத்தத்தை ஒரு கண்டென்சர் வழியாகச் சேர்த்தால் பழைய குமிழே போன் பாட்டையும் ஏற்றி இறக்கும். ரேடியோவுக்கும் போனுக்கும் மாற்றும் சுவிட்சை வெளியே தெரியும்படி துளைபோட்டு வைக்காதீர்கள். ஷார்ட் வேவ் இப்போது கேட்பதில்லை என்றால், பேண்ட் சுவிட்சின் அந்த இடத்தையே புளூடூத்துக்கு விட்டுவிடலாம். முகப்பில் ஒரு கீறல் விழாது. நாளைக்குப் பேரன் வந்து "இதைப் பழையபடி ஆக்கணும்" என்றால் இரண்டு வயரை மாற்றி மாட்டினால் போதும்.

திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எதையும் செய்யக் கூடாது என்பது என் கட்சி. கண்ணாடியில் துளை, முகப்பில் யூஎஸ்பி ஓட்டை, குமிழுக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி... இவையெல்லாம் எனக்கு ஆகாது.

● பழைய செட்டில் முதலில் மாற்ற வேண்டியது எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். ஐம்பது வருஷத்தில் உள்ளே காய்ந்துபோயிருக்கும். 'செட் போச்சு' என்று ஒதுக்கியவற்றில் கணிசமானவை அந்த மாற்றத்திலேயே பேசத் தொடங்கும்.

● இடது, வலது என்று இரண்டாக வரும் ஸ்டீரியோ பாட்டை ஒற்றை ஸ்பீக்கருக்குக் கொடுக்க ஆம்பிளிபையரின் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. ஒன்றின் சக்தி மற்றொன்றுக்குள் பாய்ந்து இரண்டும் புகைந்துபோகலாம். ஒரே கூம்பில் இரண்டு சுருள் கொண்ட ஸ்பீக்கர் கிடைக்கிறது. இடது ஒரு சுருளுக்கு, வலது மறு சுருளுக்கு. டேஷ்போர்டுக்குக் கீழே பழைய ஸ்பீக்கர் இருந்த அதே துளையில் உட்கார்ந்துகொள்ளும்.

● உள்ளே ஒன்றுமே மிஞ்சவில்லையா? எலி கடித்து, துரு ஏறி, கூடுதான் பாக்கியா? 3 மில்லிமீட்டர் சதுரத்தில் 'எஸ்.ஐ.4735' என்று ஒரு சில்லு உண்டு. மீடியம் வேவ், ஷார்ட் வேவ், எப்.எம். மூன்றையும் அதுவே பிடிக்கும். டயல் கயிற்றோடு ஒரு நகரும் ரெசிஸ்டரைக் கட்டிவிட்டால், முள் எங்கே நிற்கிறது என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு படித்து அந்த எண்ணுக்குச் சில்லைத் திருப்பும். பழைய முள்ளும் பழைய குமிழும் வேலைசெய்வதாகவே தோன்றும். சத்தத்துக்கு டிடிஏ 2003 போதும். கார் ரேடியோவுக்கென்றே வந்த 10 வாட் ஐ.சி. அது. எடுத்துப்போட்ட பழைய போர்டைக் குப்பைக்கு அனுப்பாமல் டிக்கியில் ஒரு துணிப்பையில் கட்டி வையுங்கள்.

● பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய சார்ஜர், புளூடூத் போர்டு எல்லாம் நெகட்டிவ் எர்த். அவற்றின் உலோகக் கூடு பாடியில் பட்டால் ப்யூஸ் போகும். ப்யூஸ் இல்லாவிட்டால் வயரே சிவக்கும். வேலை தொடங்கும் முன் பாட்டரியைப் பாருங்கள். இதில் அவசரம் ஆகாது.

● எப்.எம். இந்தியாவில் முதலில் ஒலித்த ஊர் சென்னை. 1977 ஜூலை 23. அதற்கு முந்தைய நம் கார் ரேடியோக்களில் எப்.எம். இல்லாததில் வியப்பில்லை. மலைமேல் நிற்கும் கோடைப் பண்பலை 100.5 தென்மாவட்டங்களில் பிரபலம். ஆனால் எப்.எம். அலை நேர்கோட்டில் போகிற ஜாதி. செண்பகத்தோப்பு, அய்யனார் அருவி என்று மலை மடிப்புக்குள் வண்டி நுழைய நுழைய மறைப்பு கூடும். மீடியம் வேவ் நிலத்தை ஒட்டித் தவழ்ந்து வரும். இரவில் அது வானத்தில் மோதித் திரும்பவும் செய்யும். இருட்டியபின் கடல் தாண்டிய ஸ்டேஷன்கள் கேட்பது அதனால்தான். ஆகவே எப்.எம். சேர்க்கிறேன் என்று மீடியம் வேவைக் கொன்றுவிடாதீர்கள்.

● இன்றைய சில மின்சாரக் கார்களில் மீடியம் வேவ் ரேடியோவே கிடையாது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றின் இரைச்சல் அந்த அலைவரிசையில்தான் வந்து விழுகிறது. பிஎம்டபிள்யூ ஐ3 அப்படி வந்த வண்டிகளில் ஒன்று.

● அம்பாசடரிலும் இரைச்சல் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் கீச்சுச் சத்தம் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டருடையது. டக் டக் என்றால் பிளக்குடையது. முன்னதற்கு ஒரு கண்டென்சர், பின்னதற்கு ரெசிஸ்டர் வைத்த பிளக். வண்டி நிற்கும்போதும் இரைகிறதா? சிகரெட் லைட்டரில் செருகிய மலிவு மொபைல் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

● காரில் இசைத்தட்டு ஓட்டியிருக்கிறார்கள். கிரைஸ்லர் 1956-ல் கொடுத்த 'ஹைவே ஹை-பை' 7 அங்குலத் தட்டை நிமிடத்துக்கு 16⅔ சுற்றில் சுழற்றியது. ராஜபாளையம் – தென்காசி ரோட்டில் அது எப்படிப் பாடியிருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

● கேசட் செட் வைத்த மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு எதையும் கழற்ற வேண்டிய வேலை இல்லை. கேசட் வடிவிலேயே அடாப்டர் உண்டு. செட்டின் ஹெட்டுக்கு எதிரே தன் காந்தத் தலையை வைத்து, டேப் ஓடுவதாகவே ஏமாற்றும். இப்போது புளூடூத்தோடும் கிடைக்கிறது.

● போர்ஷே கம்பெனி 2020-ல் தன் பழைய 911 வண்டிகளுக்காக, பழைய துளையில் அப்படியே பொருந்தும் இரண்டு குமிழ் செட்டை வெளியிட்டது. உள்ளே வழிகாட்டும் வரைபடமும் ஆப்பிள் கார்ப்ளேயும். நம் அம்பாசடர்காரருக்கு டவுன் ரேடியோ மெக்கானிக்தான் போர்ஷே.

● ரேடியோவை மாற்றினால் 'வின்டேஜ்' தகுதி போய்விடுமோ என்ற பயம் சிலருக்கு. மத்திய அரசின் 2021 ஜூலை விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வயது கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனத்துக்கு 'விஏ' எழுத்துகளோடு தனி எண் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். வண்டி ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பதே அங்கே அழுத்தம். ரேடியோ பெயர் அதில் இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்த எண்ணை வாங்கினால் வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குப் போய்வர வேண்டுமென்றால் இருக்கிற பழைய எண்ணையே வைத்துக்கொள்வது நல்லது.

● ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1933-ல் வந்த சட்டம். காரில் இருந்தாலும் விலக்கில்லை. தபால் ஆபீசில் பணம் கட்டிய அந்தச் சின்னப் புத்தகம் வண்டியின் பழைய காகிதங்களோடு கிடந்தால் எடுத்து வையுங்கள். கண்காட்சியில் செட்டுக்குப் பக்கத்தில் வைக்க அதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது.

● எல்லாம் மாற்றியும் ஸ்டேஷன் மெலிதாகவே கேட்கிறதா? ஏரியல் செருகும் துளைக்குப் பக்கத்திலோ குமிழுக்குப் பின்னாலோ ஒரு சிறு திருகு இருக்கும். ஏரியலை முழுதாக நீட்டி, டயலில் 1400 பக்கம் மெலிதான ஒரு ஸ்டேஷனையோ வெறும் இரைச்சலையோ வைத்துக்கொண்டு, சத்தம் உச்சத்துக்கு ஏறும்வரை சின்ன ஸ்குரூ டிரைவரால் அதைத் திருப்புங்கள். ஏரியலை மாற்றும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை, புது செட்டு வாங்கிவிடுகிறார்கள்.