நீராட்டிய நாயின் கண்

மாந்தர் தம் நோயை வாயாற் சொல்லுவர். வாயில்லா உயிர்களோ குறிப்பினாலன்றிச் சொல்லமாட்டா. அக்குறிப்பை அறியாதொழியின் அன்பும் தீங்காய் முடியும் என்பதை யாம் கண்கூடாகக் கண்டோம்.

கொங்குநாட்டில் பட்டிப்பொங்கலையொட்டி மாடுகளை நீராட்டுதல் மரபு. சென்ற ஆண்டு அந்நாளில் பொள்ளாச்சியை அடுத்த ஒரு தோட்டத்தில் விருந்தினராய்த் தங்கியிருந்தோம். மாடுகளுக்குப் பின் காவல் நாயையும் பிடித்து, தலையில் அரப்புத்தூளிட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினோம். அன்று மாலையே அஃது இடக்கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னங்காலால் முகத்தைத் தேய்த்தவண்ணம் இருந்தது. தூசு விழுந்திருக்கும் என்று வாளா இருந்தோம். மறுநாட் காலையில் கண் நீலம் பூத்திருந்தது. வீட்டிற் கிடந்த பழைய சொட்டு மருந்தை இடப்போன எம்மைத் தோட்டத்துப் பெரியவர் தடுத்து, "கண்ட மருந்தையும் ஊத்தாதீங்க தம்பி, டாக்டர்கிட்டக் கொண்டு போங்க" என்றார். அச்சொல்லே அக்கண்ணைக் காத்தது.

இந்நோய் எங்ஙனம் உண்டாகின்றது? கருவிழியின்மேல் கண்ணாடிபோல் அமைந்துள்ள கார்னியா என்னும் படலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புடையது. நெய்ப்பும் நீரும் சளியும் கலந்த கண்ணீர்ப் படிவு அதனைப் போர்த்திக் காக்கின்றது. உசிலை மரத்தின் இலைப்பொடியாகிய அரப்பில் சோப்பைப் போல் நுரைக்கும் சபோனின் உண்டு. மயிரின் அழுக்கைப் போக்கும் அதே ஆற்றல் கண்ணீரின் நெய்ப்பையும் கரைத்துப் படலத்தைப் புண்படுத்தும். ஷாம்பூவும் அத்தகையதே, குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்து ஷாம்பூ அதனினுங் கொடிது. கத்தரித்த மயிர்த்துணுக்கு நாய்க்குரிய மூன்றாம் இமையின் அடியில் ஒளிந்து உறுத்துதலும், உலர்த்துங் கருவியின் வெங்காற்றுக் கண்ணை வறளச் செய்தலும் உண்டு. இவற்றால் எழும் எரிச்சல் தாளாது நாய் தானே கண்ணைத் தேய்க்குங்கால் சிறுபுண் பெரும்புண்ணாகின்றது. பக், ஷிட்சு முதலிய தட்டைமுக நாய்களுக்குக் கண் புடைத்திருத்தலின் இடர் மிகுதி. இராஜபாளையம், கோம்பை முதலிய நம்நாட்டு நாய்களும் இதற்கு விலக்கல்ல.

கண்ணில் நுரை பட்டதும் தூய நீரையேனும் மருத்துவ உப்புநீரையேனும் பத்து நிமிடத்திற்குக் குறையாமல் மெல்ல ஊற்றிக் கழுவுக. நாய் கண்ணைத் தேய்க்காவண்ணம் கழுத்திற் கூம்புப் பட்டை அணிவிக்க. கழுவிய பின்னும் கண்ணை மூடியே இருப்பினும், கண் நீலம் பூப்பினும், பீளை தள்ளினும் அன்றே கால்நடை மருத்துவரை நாடுக. அவர் புளோரசீன் என்னும் சாயத்தை இட்டுப் பார்ப்பார். புண்ணுள்ள இடம் பச்சையாய் ஒளிரும். 1871-ல் அடோல்ஃப் வான் பேயர் என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர் ஆக்கிய சாயம் இன்று ஊமை உயிரின் நோவைக் காட்டும் விளக்காயிற்று. இச்சோதனைக்கு முன் வீட்டிலுள்ள சொட்டு மருந்தை இடலாகாது. அதில் ஸ்டிராய்டு இருப்பின் புண் ஆறாது ஆழ்ந்து பார்வையையே போக்கவுங் கூடும்.

வருமுன் காத்தல் எளிது. உடலை முதலிலும் தலையை இறுதியிலும் கழுவுக. முகவாயைச் சற்றே உயர்த்தி, காதுகளின் பின்புறமாக நீர் வடிய விடுக. முகத்திற்கு நுரை வேண்டா, ஈரத்துணியே போதும்.

அந்நாயின் புண் மேலோட்டமானதாதலின் சின்னாளில் ஆறிற்று. இரவெல்லாம் நமக்காக விழித்திருக்குங் கண்ணுக்கு நீராட்டும் நாளிலேனும் நாம் விழிப்பாயிருத்தல் கடனன்றோ?