தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் தீவு

1947 ஏப்ரலில் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கடிதம் எழுதினார். லண்டனில் இருந்த சோனியா பிரவுனெல்லைத் தன் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கும்படி அழைக்கும் கடிதம். காதல் கடிதம்தானே என்று படித்துக்கொண்டே வந்தால், நடுவில் திடீரென்று பஸ் ஸ்டாண்டு விசாரணை கவுன்ட்டரில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. காலையில் கிளாஸ்கோவில் ரயில் ஏறிக் கூரக் துறைமுகம் வர வேண்டும். அங்கே கப்பல். நண்பகல் வாக்கில் டார்பர்ட்டின் கிழக்குத் துறையில் இறங்கி, பஸ் பிடித்து மேற்குத் துறைக்குப் போனால் இன்னொரு கப்பல். மூன்றரை மணிக்கு க்ரெய்க்ஹவுஸ். அங்கிருந்து வாடகைக் கார். கார் நிற்கும் இடத்தில் நாங்கள் வந்து அழைத்துக்கொள்கிறோம். மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் எடுத்துக்கொள். முடிந்தால் ஒரு வார ரேஷன், கொஞ்சம் மாவு, தேயிலை.

சோனியா போகவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வீடு இருந்தது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஜூரா தீவில். இன்றும் அங்கே மனிதர்கள் இருநூறு சொச்சம், மான்கள் ஐயாயிரத்துக்கு மேல். பெயரே பழைய நார்ஸ் மொழியில் மான் தீவு என்று பொருள்படுவதுதான் என்கிறார்கள். எல்லாம் ஒற்றைதான்: ஒரு சாலை, ஒரு ஹோட்டல், ஒரு கடை, ஒரு விஸ்கி ஆலை. நாலும் கூடும் இடம் க்ரெய்க்ஹவுஸ்.

வரைபடத்தைப் பார்த்தால் ஜூரா ஒன்றும் நடுக்கடலில் இல்லை. பெருநிலக் கரையில் நின்றால் எதிரே தெரிகிறது. இடையில் இருப்பது சில மைல் அகலக் கடல். ஆனால் அங்கிருந்து நேராகக் கார் ஏற்றிப் போகும் கப்பல் கிடையாது. கோடையில் மட்டும் டேவாலிக் என்ற கிராமத்திலிருந்து பன்னிரண்டு பேர் உட்காரும் சிறு படகு ஒன்று ஓடுவதுண்டு. அதற்கும் காற்று சம்மதிக்க வேண்டும். மற்றபடி எல்லோருக்கும் வழி ஒன்றே. ஜூராவைத் தாண்டி அடுத்த தீவான ஐலாவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் ஊரில் சொல்வதை அங்கே பயணத்திட்டம் என்கிறார்கள்.

கிளாஸ்கோவின் புக்கானன் பஸ் நிலையத்தில் கேம்பல்டவுன் போகும் 926-ம் எண் பஸ்ஸில் ஏற வேண்டும். லோமண்ட் ஏரியின் கரையோடு போய், மலையேறி, ஒரு கணவாயைத் தாண்டுகிறது பஸ். 'இளைப்பாறு, நன்றி சொல்' என்பது அந்தக் கணவாயின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் சாலை போட்ட ராணுவ வீரர்கள் மேலே ஒரு கல்லில் அப்படிச் செதுக்கி வைத்தார்களாம். இன்றைய ஓட்டுநர்களுக்கு இளைப்பாறும் எண்ணம் இருக்காது. கனமழை என்றால் மலைச்சரிவு அப்படியே சாலையில் இறங்கும் இடம் அது. 2020 ஆகஸ்டில் பெரிய சரிவு. அப்படி மூடும்போது, பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் அந்தப் பழைய ராணுவச் சாலையில் வண்டிகளை வரிசையாக, ஒரு திசைக்கு ஒரு நேரம் என்று விடுவார்கள்.

சுமார் மூன்றரை மணி நேரத்தில் கென்னக்ரெய்க். ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். கடல் நீண்டு உள்ளே புகுந்த இடத்தில் ஒரு குட்டித் தீவு. அதைக் கரையோடு சேர்க்கும் ஒரு பாதை. ஒரு கப்பல் துறை. அவ்வளவுதான். இங்கேதான் புதிதாக வருபவர்கள் ஏமாறுவது. ஒரே துறையிலிருந்து கிளம்பும் ஐலா கப்பல்கள் சில வேளை போர்ட் அஸ்கெய்க்குக்குப் போகும், சில வேளை தீவின் தெற்கே போர்ட் எலனுக்குப் போகும். ஜூராவுக்கு வேண்டியது முன்னது. மாறி ஏறினால் ஐலாவில் இறங்கி, தீவின் தெற்கு முனையிலிருந்து இன்னொரு பஸ் தேட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கார் இல்லாதவனுக்கு யோகம். கோடையில் இந்தக் கப்பல்களின் கார் தளம் பல நாள் முன்பே நிரம்பிவிடும். பையைத் தோளில் போட்டு நடந்து வருகிறவனுக்குப் பெரும்பாலும் இடம் உண்டு. கப்பல் ஓடினால், என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். தீவுக்காரர்களின் பெரிய மனக்குறையே அதுதான். படகுகளுக்கு வயதாகிவிட்டது, ஒன்று பழுதானால் இன்னொரு தீவின் படகைப் பிடுங்கி இங்கே விடுகிறார்கள். புதுக் கப்பலும் லேசில் வருவதில்லை. ஆரன் தீவுக்காகக் கட்டிய கிளென் சானக்ஸ் கப்பலை 2017-ல் கடலில் இறக்கியபோது, அதன் ஜன்னல்கள் சில வெறும் பெயின்ட். படம் வரைந்திருந்தார்கள். பயணிகளை ஏற்ற அது 2025 ஜனவரி வரை எடுத்துக்கொண்டது.

கென்னக்ரெய்க்கிலிருந்து கப்பல் இரண்டு மணி நேரம் போகிறது. ஜூராவின் மூன்று மொட்டை மலைகள் தூரத்திலேயே தெரிய ஆரம்பித்து, கிட்ட வந்து, வலப்பக்கம் நகர்கின்றன. உயரமானது 785 மீட்டர். போக வேண்டிய தீவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கப்பல் அதைக் கண்டுகொள்ளாமல் எதிர்க்கரையில் போர்ட் அஸ்கெய்க்கில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அங்கிருந்து சின்னப் படகு. பெயர் எய்லன் யூரா. கேலிக் மொழியில் ஜூரா தீவு என்றே அர்த்தம். திறந்த தளத்தில் சில கார்கள் நிற்கலாம். நீரோட்டம் அந்த ஜலசந்தியில் ஆற்று வெள்ளம்போல் ஓடும். படகு நேராகப் போவதில்லை. மூக்கை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பிக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து போய்ச் சேர்கிறது. ஐந்து நிமிடம். மறுகரை ஃபியோலினில் ஒரு சாய்தளம், சாலை, அதற்கு மேல் மலை. பெட்டிக்கடை கிடையாது. படகைப் பார்த்து நிற்கும் மினி பஸ்ஸைத் தவறவிட்டால் க்ரெய்க்ஹவுஸ் எட்டு மைல்.

இந்தப் பயணத்தில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. பஸ் கப்பலுக்காகவும், கப்பல் படகுக்காகவும், படகு மினி பஸ்ஸுக்காகவும் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கிறது. ஒரு கண்ணி விட்டால் ஒரு ராத்திரி போகும். சோனியாவுக்கு ஆர்வெல் எழுதிய வழியும் இதே மாதிரிச் சங்கிலிதான். அதில் வரும் கூரக் கப்பல் இன்று இல்லை, அதன் இடத்தில் மலைச்சாலை பஸ் வந்திருக்கிறது.

பார்ன்ஹில் என்ற அவர் வீடு க்ரெய்க்ஹவுஸிலிருந்து இருபத்தைந்து மைல் வடக்கே. சாலை குறுகி, நடுவில் புல் முளைத்து, அர்ட்லுசாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிந்துபோகிறது. மிச்சம் நாலு மைல் நடை. பீகாரின் மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் போலீஸ் வேலை பார்த்தவர், லண்டன் பத்திரிகை வேலையிலிருந்து தப்பி எழுதுவதற்காகத் தேர்ந்தெடுத்த இடம். யாரும் எளிதில் வர முடியாது என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் அதே ஆள்தான் நண்பர்களுக்கெல்லாம் வழி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்கு அவருக்கே திரும்பி வந்தது. 1948 இறுதியில், அங்கே எழுதிக்கொண்டிருந்த நாவல் முடிந்தது. அடித்தலும் திருத்தலுமாகக் கிடந்த கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். பதிப்பாளர் தேடிப் பார்த்தார். அத்தனை தூரம் வர ஒருவரும் கிடைக்கவில்லை. காசநோயோடு இருந்த ஆர்வெல் தானே தட்டச்சு செய்து டிசம்பரில் முடித்தார். 1984 என்ற அந்த நாவல் அடுத்த ஜூனில் வெளிவந்தது.

அதற்குள் அவர் தீவை விட்டுக் கிளம்பியிருந்தார். 1949 ஜனவரியில் சானடோரியம் போகப் புறப்பட்டபோது, அந்தக் கரடுமுரடான பாதையிலேயே கார் சிக்கிக்கொண்டது. கூட வந்தவர்கள் உதவிக்கு நடந்தே திரும்பிப் போனார்கள். நாலு வயது வளர்ப்பு மகன் ரிச்சர்டும் அவரும் காருக்குள் காத்திருந்தார்கள். அப்பா கதை சொன்னதையும், மிட்டாய் கொடுத்ததையும் ரிச்சர்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.