ஒத்துப்போகாத கோப்பு முறைமை கொண்ட ஒளித்தகடுகளைக் கணினியில் படித்தல்

ஒரு கணினியில் எழுதிய குறுந்தகட்டையோ டிவிடியையோ இன்னொரு கணினியில் இடும்போது அது வெற்றுத் தகடாகத் தெரியலாம். கோப்புகளில் பாதி மட்டும் தெரியலாம். பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறியிருக்கலாம். தகட்டில் கீறல் இல்லை, டிரைவும் பழுதில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு கோப்பு முறைமையில்தான் இருக்கும். தகவல் தகட்டில் அப்படியே இருக்கிறது. அதன் அடுக்குமுறை அந்தக் கணினிக்குப் புரியவில்லை, அவ்வளவே. இது தெரியாமல் நல்ல தகடுகளும் குப்பைக்குப் போகின்றன.

டிரைவின் வேலை, இயங்குதளத்தின் வேலை

ஒளித்தகட்டிலுள்ள தரவு 2048 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிரைவ் செய்வது ஒன்றே: கேட்ட எண்ணுள்ள செக்டரைப் படித்துக் கொடுப்பது. எந்தச் செக்டரில் எந்தக் கோப்பு தொடங்குகிறது, அதன் பெயர் என்ன, அது எந்தக் கோப்புறையில் உள்ளது என்பவற்றை எல்லாம் இயங்குதளம்தான் கோப்பு முறைமையின் அட்டவணைகளிலிருந்து கண்டறிகிறது. குறுந்தகடு டிரைவில் டிவிடியைப் படிக்க முடியாதது வேறு சிக்கல். குறுந்தகட்டுக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405 என லேசரின் அலைநீளமே மாறுகிறது. அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய இயலாது. கோப்பு முறைமைச் சிக்கலை மென்பொருளால் தீர்க்கலாம்.

ஐஎஸ்ஓ 9660

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி குறுந்தகடுகளில் கோப்புகளை அடுக்கியது. 1985-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரிக்கு அருகிலுள்ள ஹை சியரா விடுதியில் கணினித் துறையினர் கூடிப் பொது முறை ஒன்றை வகுக்கத் தொடங்கினர். விடுதியின் பெயரே அந்த முறைக்கும் ஆனது. அதைத் திருத்தி 1988-இல் பன்னாட்டுத் தரமாக வெளியிட்டதே ஐஎஸ்ஓ 9660.

எந்தக் கணினியிலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக இத்தரம் மிகக் குறைவாகவே அனுமதித்தது. அதன் முதல் நிலையில் பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3 எழுத்து மட்டுமே. அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு என்ற அளவில் நின்றன. கோப்புறைகள் 8 அடுக்குக்கு மேல் போகக்கூடாது. எண்களை எந்த வரிசையில் சேமிப்பது என்பதில் இன்டெல் செயலிகளும் மோட்டோரோலா செயலிகளும் முரண்பட்டன. அதனால் ஒவ்வோர் எண்ணும் இரண்டு வரிசையிலும் ஒருமுறை எழுதப்பட்டது. இடம் சற்று வீணானாலும் யாருக்கும் குறையில்லாத ஏற்பாடு.

இந்தக் குறுகிய பெயர்களை வைத்துக்கொண்டு வாழ முடியாது என்பதால் நீட்சிகள் வந்தன. யுனிக்ஸ் உலகம் உருவாக்கிய ராக் ரிட்ஜ் 255 பைட் வரை நீளமான பெயர்களையும் கோப்பு அனுமதிகளையும் தந்தது. 'பிளேசிங் சாடில்ஸ்' என்ற நகைச்சுவைத் திரைப்படத்தில் வரும் ஊரின் பெயர் அது. விண்டோஸ் 95 காலத்தில் மைக்ரோசாப்ட் ஜோலியட்டைக் கொண்டுவந்தது. இது யுனிகோடில் 64 எழுத்து வரை பெயர்களை ஏற்கும். ஒரே தகட்டில் மூன்று பெயர்த் தொகுதிகளும் இருக்கலாம். விண்டோஸ் ஜோலியட்டைப் பார்க்கும். லினக்ஸ், ராக் ரிட்ஜ் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இரண்டும் அறியாத டாஸ் கணினி பழைய குறும்பெயர்களைக் காட்டும்.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளுக்கு இதில் தனிக் கவனம் தேவை. யுனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் 5 குறியீடுகளாகிறது. ஆகவே ஜோலியட்டின் 64 என்ற வரம்பு தமிழில் விரைவாகத் தீர்ந்து, நீண்ட கட்டுரைத் தலைப்புகள் பாதியில் அறுபடும். ராக் ரிட்ஜில் யுடிஎப்-8 வடிவில் எழுதினால் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். 255 பைட்டில் 85 குறியீடுகளே அடங்கும். ஜோலியட் தகட்டை லினக்ஸில் இணைக்கும்போது எழுத்துக்குறியாக்கம் யுடிஎப்-8 என அமைந்திருக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும். அப்போதும் கோப்புக்கு எந்தக் கேடும் இல்லை. சரியான குறியாக்கத்தைக் கொடுத்து மீண்டும் இணைத்தால் பெயர்கள் திரும்பிவிடும்.

மேக் தகடுகள்

ஆப்பிள் 1985-இல் அறிமுகப்படுத்திய எச்எப்எஸ் என்னும் கோப்பு முறைமையை 1990-களின் மேக் குறுந்தகடுகளில் காணலாம். விண்டோஸ் இதைத் தானாகப் படிப்பதில்லை. இரு கணினிகளுக்கும் பொதுவாக விற்கப்பட்ட கலப்புத் தகடுகளில் ஒரு நுட்பம் பயன்பட்டது. ஐஎஸ்ஓ 9660 முதல் 16 செக்டர்களை, அதாவது 32 கிலோபைட்டை, தொடுவதில்லை. அந்த வெற்றிடத்தில் ஆப்பிளின் பகிர்வு அட்டவணையை எழுதிவிட்டால் மேக் ஒரு தகட்டையும் விண்டோஸ் வேறொரு தகட்டையும் பார்க்கும். விண்டோஸில் திறந்து பார்த்து, "இதில் சிறிதளவே இருக்கிறது" என்று முடிவு கட்டுவது இங்கேதான் தவறாகிறது. தகட்டின் பெரும்பகுதி மறுபக்கத்தில் இருக்கலாம்.

பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி குறித்து வாயேஜர் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பல்லூடகத் தகடு மேக்கின் ஹைப்பர்கார்டு மென்பொருளை நம்பி உருவானது. இத்தகைய தகடுகளை இன்றைய மேக் வாங்கித் திறந்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா முதல் பழைய எச்எப்எஸ்ஸைப் படிக்கும் வசதியை ஆப்பிளே நீக்கிவிட்டது. லினக்ஸில் கோப்பு முறைமையின் வகை எச்எப்எஸ் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு இணைத்தால் படிக்கலாம். குறிப்பிடாவிட்டால் கலப்புத் தகட்டில் ஐஎஸ்ஓ பக்கமே திறக்கும். விண்டோஸில் எச்எப்எஸ்எக்ஸ்புளோரர் போன்ற மென்பொருள்கள் உண்டு.

கோப்பை வெளியே எடுத்ததோடு வேலை முடிவதில்லை. பழைய மேக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் தரவுக் கிளை, வளக் கிளை என இரண்டு பகுதிகள் உண்டு. விண்டோஸுக்குச் சாதாரணமாக நகலெடுத்தால் வளக் கிளை உதிர்ந்துபோகும்; நிரல்கள் இயங்கா. முழுத் தகட்டையும் படிமமாக எடுத்து, பசிலிஸ்க் போன்ற பழைய மேக் போலச்செய்யும் மென்பொருளுக்குள் திறப்பதே நம்பகமான வழி.

யுடிஎப்

டிவிடிக்காகவும் திரும்ப எழுதும் தகடுகளுக்காகவும் 1995-இல் வந்தது யுடிஎப். இதன் தொல்லை அதன் பதிப்புகளில் இருக்கிறது. டிவிடி திரைப்படங்களில் 1.02, திரும்ப எழுதும் குறுந்தகடுகளில் 1.50, புளூ-ரேயில் 2.50 என்று வேறுபடும். விண்டோஸ் 98 அறிந்தது 1.02, விண்டோஸ் 2000 அறிந்தது 1.50 வரை, எக்ஸ்பி 2.01 வரை; விஸ்டாவிலிருந்து 2.60 வரை. ஆகவே விஸ்டாவில் 2.50 பதிப்பில் வடிவமைத்த தகடு எக்ஸ்பியில் திறக்காது. விண்டோஸ் நிறுவல் டிவிடியைப் பழைய கணினியில் இட்டால் ஒரே ஒரு சிறு உரைக்கோப்பு மட்டும் தெரிவதைச் சிலர் பார்த்திருப்பார்கள். இந்தத் தகட்டைப் படிக்க யுடிஎப் அறிந்த இயங்குதளம் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஐஎஸ்ஓ பக்கத்தில் வைத்த அறிவிப்புப் பலகை அது.

குறுந்தகட்டை மிதவைத்தட்டு போலப் பயன்படுத்த உதவிய டைரக்ட்சிடி, இன்சிடி ஆகிய மென்பொருள்களும், விஸ்டா முதல் விண்டோஸில் உள்ள 'யுஎஸ்பி போல' எழுதும் முறையும் யுடிஎப்பையே பயன்படுத்துகின்றன. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய தகட்டில் பழைய அட்டவணையை அழிக்க முடியாது. எனவே ஒவ்வொரு முறையும் புதிய இருப்பிட அட்டவணை ஒன்று கடைசிச் செக்டரில் சேர்க்கப்படும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கடைசிச் செக்டரில் அட்டவணை இராது. கணினிக்கு அதன் பிறகு எதுவும் தெரியாது. குடும்பப் புகைப்படங்களோ ஆய்வேடோ இருந்த தகடு வெறுமையாகத் தோன்றும். முந்தைய அட்டவணை சற்று முன்னால் இன்னும் இருக்கிறது. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் பின்னோக்கித் தேடி அதைக் கண்டெடுக்கும். அதன் சில வசதிகளுக்குப் பணம் செலுத்த வேண்டும்.

திரும்ப எழுதும் தகடாக இருந்தால் ஆபத்து கூடுதல். புரியாத தகட்டைக் கண்ட விண்டோஸ், "வடிவமைக்கவா?" என்று கேட்கும். ஆம் என்று அழுத்துவது, இருக்கும் தகவலை அழிக்கச் சம்மதிப்பதாகும்.

கோப்பு முறைமையே இல்லாதவை

இசைக் குறுந்தகட்டில் கோப்புகள் கிடையாது, தடங்கள் மட்டுமே. விண்டோஸ் காட்டும் சிடிஏ கோப்புகள் தடத்தைச் சுட்டும் 44 பைட் குறிப்புகள். அவற்றை வன்தட்டில் நகலெடுத்துப் பாடல் சேர்ந்துவிட்டதாக நம்பித் தகட்டைத் தந்துவிட்டால் பாடலும் போய்விடும். ஒலியைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தேவை. தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த வீடியோ குறுந்தகடுகள் பாதி வழியில் நிற்பவை. கோப்புப் பட்டியல் ஐஎஸ்ஓ 9660. ஆனால் படம் 2324 பைட் செக்டர்களில், பிழைதிருத்தம் குறைத்து எழுதப்பட்டிருக்கும். அந்த டிஏடி கோப்பைச் சாதாரண முறையில் நகலெடுக்க முயன்றால் லினக்ஸில் பிழைச் செய்தியே வரும்.

என்ன செய்வது

முதலில் தகட்டைச் செக்டர் செக்டராகப் படிமமாக எடுக்க வேண்டும். லினக்ஸில் டிடி அல்லது டிடிரெஸ்க்யூ, விண்டோஸில் இம்க்பர்ன் இதற்குப் போதும். இதற்குக் கோப்பு முறைமை புரிய வேண்டியதில்லை என்பதே இதன் பலம். இசை, வீடியோ குறுந்தகடுகளுக்கு மட்டும் 2352 பைட் முழுச் செக்டரையும் படிக்கும் மென்பொருள் வேண்டும்.

பிறகு படிமத்தைப் பதினறும எண் காட்டும் தொகுப்பானில் திறந்தால் வகை தெரிந்துவிடும். 32769-ஆம் பைட்டில் 'சிடி001' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் ஐஎஸ்ஓ 9660. அதையொட்டிய செக்டர்களில் 'என்எஸ்ஆர்02' இருந்தால் யுடிஎப் 1.50 வரையிலான பதிப்பு. 'என்எஸ்ஆர்03' என்றால் 2.00-க்கு மேற்பட்டது. தொடக்கத்திலேயே 'ஈஆர்' என்றும் 512-ஆம் பைட்டில் 'பிஎம்' என்றும் இருந்தால் ஆப்பிள் பகிர்வு உள்ளது. இவற்றில் இரண்டு ஒன்றாகக் கிடைத்தால் அது கலப்புத் தகடு. இரு பக்கத்தையும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும்.

ஐஎஸ்ஓ அடையாளம் இருந்தும் எதிர்பார்த்த கோப்புகள் இல்லையெனில், தகடு பல அமர்வுகளில் எழுதப்பட்டிருக்கலாம். புதிய அமர்வை எழுதும்போது பழைய பட்டியலை இணைக்கத் தவறியிருந்தால் விண்டோஸ் கடைசி அமர்வை மட்டுமே காட்டும். மேக் ஒவ்வோர் அமர்வையும் தனித் தகடாகக் காட்டும். லினக்ஸில் தகட்டை இணைக்கும் கட்டளையில் அமர்வின் எண்ணைக் கொடுத்து முந்தையவற்றைத் திறக்கலாம்.